விலைக்கு நல்ல சுருட்டு

என்னிடம் ஒரு கூகுள் ஷீட் இருக்கிறது. 2017லிருந்து நான் புகைத்த சிகார்களுக்கு ஆளுக்கொரு வரி, மொத்தம் 143 வரிகள். எந்த ஊரில் செய்தது, மேலிலை எது, இழுவை எப்படி, நேராக எரிந்ததா, மணம், காரம், அணைத்த பிறகு நாக்கில் என்ன நிற்கிறது, நூற்றுக்கு எத்தனை, விலை என்ன. கடைசிப் பத்தியில் ஒரு சின்ன ஃபார்முலா: மதிப்பெண்ணை விலையால் வகுப்பது. அதற்கு 'காசுக்கு எவ்வளவு' என்று தலைப்பு வைத்திருந்தேன். இன்ஜினியர் புத்தி.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு எங்கோ எழுந்து போனேன். திரும்பி வந்தால் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீட் கடைசிப் பத்தியின்படி அடுக்கப்பட்டிருந்தது. முதல் வரியில் உறையூர்ச் சுருட்டு. மதிப்பெண் 61.

"தாத்தா பிடிச்ச சுருட்டுதானே இது?"

"ஆமாம்மா. போன தடவை திருச்சியில வாங்கினேன்."

"இது ஏன் ஃபர்ஸ்ட்ல நிக்குது?"

"விலை கம்மி. அதான்."

"விலை கம்மியா" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஃபார்முலா பக்கம் தவறே இல்லை. வகுக்கும் எண் சுழியை நெருங்கினால் எதுவும் உன்னதமாகிவிடும். ஒரு டீயைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் பொருளை டாலர்க்காரர்களோடு வரிசையில் நிறுத்தினால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். எனக்கு உறுத்தியது அது இல்லை. ஒரு பொருளைச் 'சகாயம், ஆனா நல்லது' என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்னதான் சொல்கிறோம் என்பது அன்றிலிருந்து எனக்குப் பிடிபடாமல் போய்விட்டது.

நான் சிகாரைக் கற்றுக்கொண்டது ஃப்ளோரிடாவில், டாம்பாவில். கம்பெனி மூன்று வருடம் அனுப்பியிருந்தது. அங்கே ஈபோர் சிட்டி என்று ஒரு பேட்டை. 1880களில் விசென்டே மார்டினெஸ் ஈபோர் என்பவர் சுருட்டுத் தொழிலுக்காகவே எழுப்பியது. கியூபாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்தவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து சுருட்டுவார்கள். உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து அவர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் சத்தமாக வாசிப்பார். லெக்டோர் என்று பெயர். அவருக்குச் சம்பளம் தொழிலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தது. இலையைச் சுருட்டிக்கொண்டே இலக்கியம் கேட்ட கூட்டம் அது. 1931இல் முதலாளிகள் அந்த வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தத் தெருக்களில் கோழிகள் சுதந்திரமாகத் திரிகின்றன, கடை ஜன்னல்களில் சுற்றுலாக்காரர்களுக்காக யாராவது ஒருவர் சுருட்டிக் காட்டுகிறார்.

ஐந்து டாலருக்கு மேல் செலவழிப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதலில் அது சிக்கனம், போகப்போகக் கொள்கையாகிவிட்டது. சகாயமான சிகார் ஏன் சகாயம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். விலை உயர்ந்ததில் உள்ளே முழுநீள இலைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மலிவானதில் வெட்டுத் துண்டுகள் இருக்கும். இரண்டையும் கலந்து செய்வதற்கு 'கியூபன் சாண்ட்விச்' என்று பெயர். சிலவற்றில் உள்ளே எந்தக் குறையும் இருக்காது, மேலிலையின் நிறம் பெட்டியில் உள்ள மற்றவற்றோடு ஒத்துப்போகாததால் ஒதுக்கியிருப்பார்கள். இடுப்பில் காகிதப் பட்டை கிடையாது, மரப்பெட்டி கிடையாது, இருபது இருபதாக ஒரு கட்டு. நிறத்தையும் பெட்டியையும் நாக்கு பார்க்காது என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேதவாக்கு. வாங்கிய கட்டை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல தினமும் மீட்டரைப் பார்ப்பேன்.

ஒருநாள் என் தெலுங்கு நண்பன் ஒருவன் ஆறு சிகார்களின் பட்டைகளைக் கழற்றி எண் போட்டுக் கொடுத்தான். ஒரு வாரம், நாளுக்கு ஒன்று. நாலரை டாலர் சிகாருக்கு 88 போட்டேன். பதினெட்டு டாலர் சிகாருக்கு 81. பட்டியலைக் காட்டியபோது நான் சந்தோஷப்பட்ட மாதிரி ப்ரமோஷனுக்குக்கூடப் பட்டதில்லை. சந்தை செய்த தவறை நான் கண்டுபிடித்துவிட்டேன்! பதினெட்டு டாலர் கொடுப்பவர்களெல்லாம் பட்டையைப் புகைக்கிறார்கள்!

இரண்டு வாரம் கழித்து, அதே நாலரை டாலர் கட்டிலிருந்து ஒன்றை எனக்குத் தெரியாமல் மறுபடி கொடுத்தான். 79 போட்டேன்.

மென்பொருளில் 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்போம். கோடில் ஒரு வரிகூட மாறாமலே ஒரு நாள் பாஸ் ஆகும், ஒரு நாள் ஃபெயில் ஆகும். அந்த மாதிரி டெஸ்டை யாரும் நம்பமாட்டார்கள். நான் கொண்டாடிய வித்தியாசம் 7. என் நாக்கின் தடுமாற்றம் 9. அதில் கையால் செய்த பொருளின் ஏற்ற இறக்கமும் இருக்கலாம், நான் மதியம் சாப்பிட்ட வத்தக்குழம்பும் இருக்கலாம். ஆனாலும் அந்த 88ஐ ஷீட்டில் திருத்தவில்லை. 79ஐப் பதியவும் இல்லை. அம்மா பார்த்த ஷீட்டில் இந்தப் பொய்யும் இருந்தது.

2008இல் கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரே வைனை இரண்டு விலை சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக விலை சொன்னபோது குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் இயக்கமும் கூடியிருந்தது. அவர்கள் வாயால் பொய் சொல்லவில்லை, விலை சுவைக்குள்ளேயே இறங்கியிருந்தது. சகாய ரசிகர்கள் இந்த ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவோம், பணக்காரர்களைக் கிண்டல் செய்ய. நமக்கும் அது பொருந்தும் என்பது நமக்கு உறைப்பதில்லை. குறைந்த விலை என் சுவையை ஏற்றுகிறது. அவர்களுடைய தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் என்னுடையது மறுபக்கம் சாய்கிறது. கஞ்சனின் முன்முடிவும் முன்முடிவுதான்.

டேவிட் ஹ்யூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், டான் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். ஒரு பீப்பாய் மதுவை இரண்டு பேர் ருசிக்கிறார்கள். ஒருவர், நல்ல மது, லேசாகத் தோல் வாடை என்கிறார். மற்றவர், இரும்பு வாடை என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது. ரசனை வெறும் அபிப்பிராயம் அல்ல, அடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது என்பதற்கு ஹ்யூம் அதைச் சொல்கிறார்.

சிகாருக்கு அடியில் என்ன கிடக்கிறது? அமோனியா நெடி அடிக்கிறதா, இலை போதுமான அளவு புளிக்க வைக்கப்படவில்லை. இழுக்கவே முடியவில்லையா, உள்ளே இலைகளை அடுக்கியவர் எங்கோ முறுக்கிவிட்டார் அல்லது அதிகம் திணித்துவிட்டார். ஒரு பக்கமாகவே எரிந்துகொண்டு போகிறதா, பெரும்பாலும் அதுவும் அடுக்கியதில் உள்ள கோளாறு. என் ஷீட்டில் பாதிப் பத்திகள் ஒரு கையைப் பற்றியவை. நிகராகுவாவில் எஸ்தெலி என்ற ஊர். இன்று அமெரிக்கா புகைக்கும், கையால் செய்த சிகார்களில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஜோடி ஜோடியாக வேலை செய்கிறார்கள். ஒருவர் உள்ளிலையை அடுக்கி அச்சில் வைப்பார், மற்றவர், அநேகமாக ஒரு பெண், மேலிலையைச் சுற்றுவார். எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு ஜோடி ஒரு நாளில் சில நூறு சுருட்டுகளை முடிக்கும். வயலில் ஈர இலையைப் பறிப்பவர்களுக்குத் தோல் வழியாகவே நிகோடின் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வருவதற்குத் தனிப் பெயரே உண்டு, பச்சைப் புகையிலை நோய்.

அப்படியானால் 'காசுக்கு எவ்வளவு' என்ற என் பின்னத்தில் மேலே இருப்பது என் நாக்கு. கீழே இருப்பதில் பெட்டி, பட்டை, வரி, கடை வாடகையோடு யாரோ ஒருவருடைய ஒரு நாளும் இருக்கிறது. கீழே உள்ளது சிறுக்கச் சிறுக்க என் பட்டியலில் அந்தச் சுருட்டு மேலே ஏறும். பெட்டியை மிச்சம் பிடித்ததா கூலியை மிச்சம் பிடித்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. பதினெட்டு டாலர் சிகார் வாங்கினால் பாவம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. அதைச் சுற்றிய பெண்ணுக்கு நான்கு மடங்கு கூலி போகிறது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

தாத்தா அம்மாவின் அப்பா. திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு மூட்டைக் கடையில் கணக்கு எழுதினார். ஆங்கிலத்தில் செரூட் என்று போனது நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்தான் என்பதோ, 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார் என்பதோ அவருக்குத் தெரிந்திருக்காது. சர்ச்சிலுக்கு இங்கிருந்துதான் போச்சு என்று திருச்சியில் எல்லோரும் சொல்வதை மட்டும் அவரும் சொல்வார். பெட்டிக்கடையில் நாலு சுருட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து விரலால் உருட்டுவார். சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. அமுக்கிப் பார்ப்பார், முகர்வார், மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றை வாங்குவார். கடைக்காரர் முனகுவார். ரசனை வர்க்கத்தின் அடையாளம் என்று பியர் பூர்தியூ பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார், பெரும்பாலும் சரிதான். ஆனால் நான் டாம்பாவில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதில் பாதி இந்த மனிதரின் விரலில் இருந்தது. தமிழுக்கும் இது புதிதில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே பழனி முருகனுக்குத் தூதாக அனுப்பிப் 'புகையிலை விடு தூது' பாடியிருக்கிறார். வள்ளுவர் கள்ளுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கினார். புகையிலை அவர் காலத்தில் இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை, தப்பித்தது.

தாத்தாவுக்குக் குரல்வளையில் புற்று. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. ஒன்றரை வருடம் என் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினார். கழுத்தில் போட்ட துளையை அம்மாதான் தினமும் சுத்தம் செய்தாள். சிகார்க்காரர்களின் வழக்கமான ஆறுதல் ஒன்று உண்டு, 'நாம உள்ள இழுக்கிறதில்லையே' என்பது. சிகார் புகை காரத்தன்மை உள்ளது, அதில் இருக்கும் நிகோடினை வாயின் தோலே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாயிலும் குரல்வளையிலும் உணவுக்குழாயிலும் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. இது எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஷீட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

ஒரு பத்தி சேர்த்துவிடலாமே என்று முதலில் தோன்றியது. எங்கள் தொழிலில் எல்லாக் குற்ற உணர்வுக்கும் மருந்து இன்னொரு ஃபீல்டு. பிறகு எனக்கு நானே ஒரு வாதம் சொல்லிக்கொண்டேன். நல்ல கத்தி என்றால் நன்றாக வெட்டும் கத்தி. அது யாரை வெட்டியது என்பது வேறு கேள்வி. நல்ல சுருட்டு என்றால் நன்றாகச் செய்த சுருட்டு, அவ்வளவுதான். சுற்றிய கைக்குச் செலுத்தும் மரியாதை அது, அதை மறுப்பது அந்தக் கைக்குச் செய்யும் அநியாயம். இந்த வாதத்தை இன்றும் நான் முழுதாகக் கைவிடவில்லை.

ஆனால் நான் அதோடு நிற்கவில்லையே. காண்ட் ஒரு வித்தியாசம் சொல்கிறார். கேனரி மது இனியது என்று ஒருவர் சொன்னால், 'எனக்கு இனியது' என்று சொல் என அவரைத் திருத்தலாம், அவரும் ஏற்றுக்கொள்வார். அழகியது என்று சொன்னால் கதை வேறு, மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பதாகிவிடும். காண்டின் கணக்கில் சுருட்டெல்லாம் முதல் வகை. நான் போட்டது 88. எண்ணுக்கு 'எனக்கு' என்ற சொல் ஒட்டாது. அந்த ஷீட்டின் லிங்கை 11 பேருக்குக் கொடுத்திருந்தேன். "எதுல ஆரம்பிக்கலாம் ப்ரோ?" என்று கேட்ட இரண்டு பேர் அதற்கு முன் சிகாரைத் தொட்டவர்கள் இல்லை. கடைசிப் பத்தியில் அடுக்கி, மேலிருந்து ஆரம்பி என்றேன். பையன்களுக்குக் கட்டுப்படியாக வேண்டுமே என்ற கரிசனம் வேறு.

பொங்கல் முடிந்து வந்ததும் லிங்கை மூடினேன். அந்த இரண்டு பேரிடமும் பேசினேன். ஒருவன் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்றான். இன்னொருவன் சிரித்தான், "நீங்க மட்டும் பிடிக்கலாமா?" என்றான். நியாயமான கேள்வி. இரண்டு மாதத்துக்கு ஒன்று இன்னும் புகைக்கிறேன். மதிப்பெண் போடுவதில்லை, ஆனால் வாய் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது, அதை நிறுத்த வழி தெரியவில்லை.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனபோது தாத்தாவின் பேச்சு வந்தது. நான் அந்த ஷீட்டைப் பற்றி எதுவும் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை. கடைக்காரரிடம் அவர் சுருட்டைத் திருப்பிக் கொடுக்கும் கதையை அவளே ஆரம்பித்தாள். "உங்க தாத்தா மட்டமான சரக்கை ஒரு நாளும் வாயில வெச்சதில்ல. பொறுக்கிப் பொறுக்கி நல்லதாத்தான் வாங்குவார்" என்றாள். பெருமையாகச் சொன்னாளா என்று அவள் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அழுகிய இலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தாள்.