நிற்பதும் நீங்குவதும்

2022ஆம் ஆண்டு ரமலானுக்குச் சில நாட்கள் முன்னர், இராயப்பேட்டையில் நாம் வழக்கமாகத் தொழும் பள்ளிவாசலில், அஸர் தொழுகை முடிந்து எழுந்த வேளையில் வணிகர் ஒருவர் நம்மை ஓரமாக அமர்த்தி ஒரு மஸ்அலா கேட்டார். தோலில் பையும் பர்ஸும் இடுப்புவாரும் தைக்கும் சிறு பட்டறை ஒன்று அவருக்கு உண்டு. பன்னிருவர் அங்கே வேலை பார்த்தனர். அவர்களுள் தோல் வெட்டுவதில் கைதேர்ந்தவர் ஒருவர், ஆம்பூர்க்காரர், பத்தொன்பது ஆண்டு அங்கேயே உழைத்தவர். ஒரு தோலை விரித்துத் தடவிப் பார்த்த மாத்திரத்தில் எங்கே தழும்பு, எங்கே தளர்வு என்று சொல்லிவிடும் விரல்கள் அவருக்கு. அவர்தாம் விலகப் போவதாகச் சொல்லிவிட்டார்.

“நொடித்துக் கிடந்த வியாபாரம் இப்போதுதான் தலைதூக்குகிறது, ஹஜ்ரத். ஆர்டர் வருகிற நேரம் பார்த்துப் போகிறேன் என்கிறார். இத்தனை ஆண்டு என் உப்பைத் தின்றவர். இது துரோகம் இல்லையா? மார்க்கத்தில் இதற்குப் பாவம் இல்லையா?”

நாம் உடனே விடை கூறவில்லை. ஒன்று கேட்டோம்: “பட்டறை மூடிக் கிடந்த காலத்தில் அவருக்கு என்ன கொடுத்தீர்கள், ஹாஜியார்?”

அவர் சற்றே தயங்கினார். முதல் மாதம் பாதிச் சம்பளம். பிறகு ஒன்றுமில்லை. ரமலான் வந்தபோது அரிசியும் பருப்பும் அனுப்பி வைத்தாராம். “எந்தக் கணக்கில்?” என்றோம். “ஜகாத்தில்தான்” என்றார். எட்டு மாதங்கழித்து மீண்டும் அழைத்தபோது முன்னிலும் குறைந்த கூலிக்கே அவரை அமர்த்தியதையும் மறைக்காமல் சொன்னார். நல்ல மனிதர், பொய் பேசத் தெரியாதவர். ஆயினும் தாம் சொல்லிக்கொண்டிருப்பது இன்னதென்று அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடே அடைத்துக் கிடந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் இந்தியாவின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டை நோக்க ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சென்னைக்கு வந்து உழைத்தோர் மே மாதச் சிறப்பு இரயில்களில் ஊர் திரும்பினர். நடந்தே புறப்பட்டோரும் உண்டு. பின்னர்த் தொழில் மீண்டபோது, அன்று வழியனுப்பக்கூட வராத முதலாளிமாரே ஆளனுப்பி அவர்களைத் தேடினர். அமெரிக்காவில் 2021 நவம்பர் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 45 இலட்சம் பேர் தாமாகவே வேலையைத் துறந்தனர். ஆக, இராயப்பேட்டைச் சந்தில் எழுந்த அக்கேள்வி உலகெங்கும் எழுந்ததே.

அதற்கு முன்பும் அது எழுந்திருக்கிறது. 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோய் மக்களை வாரிக்கொண்டு போன பின்பு, இங்கிலாந்தில் உழுவதற்கு ஆளில்லை. எஞ்சிய உழவர் கூடுதல் கூலி கேட்டனர், கொடுப்பவரிடம் சென்றனர். நிலமுடையோர் என்ன செய்தனர்? நோய்க்கு முந்திய கூலியே கூலி, ஒப்புக்கொண்ட தலைவனை விட்டு நீங்குபவனுக்குச் சிறை என்று 1351இல் சட்டம் இயற்றினர். முப்பது ஆண்டுகளில், 1381இல், அந்நாட்டு உழவர் கிளர்ந்தெழுந்து இலண்டனுக்குள்ளேயே புகுந்தனர். அக்கிளர்ச்சிக்குக் காரணம் பல; அச்சட்டமும் அவற்றுள் ஒன்று.

அதே கொள்ளை நோய் தூனிஸ் நகரில் பதினேழு வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞரின் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் கொண்டு சென்றது. அவரே பின்னாளில் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன். 1377இல் முதல் வடிவம் பெற்ற அந்நூலில், கூலியின்றி மக்களைக் கட்டாயமாக வேலை வாங்குவதை நாகரிகத்தையே அழிக்கும் பெருங்கொடுமைகளுள் ஒன்றாக அவர் வைக்கிறார். அவர் காட்டும் காரணம் எளிது. ஏழைக்கு உழைப்பே உடைமை. அதைப் பறிப்பவன் அவனது பொருளைப் பறித்தவனாகிறான். ஒரே நோயைக் கண்ட இரு நாடுகளில், ஒன்றில் சட்டம் பிறந்தது. மற்றொன்றில் இப்படியொரு சிந்தனை பிறந்தது. இதைக் கூறுவது நம் பெருமை பேசுவதற்கன்று. அச்சிந்தனையை நம்மவர் எத்தனை பேர் புரட்டிப் பார்த்தோம் என்பது வேறு கதை.

வணிகரின் மஸ்அலாவுக்கு வருவோம். ஃபிக்ஹு நூல்கள் கூலிக்கு உழைப்பவனை இரு வகையாகப் பிரிக்கும். பலருக்கும் பொதுவாக வேலை செய்து கொடுக்கும் தையற்காரர், சலவைக்காரர் போன்றோர் ஒரு வகை. இவர்களுக்குச் செய்து முடித்த வேலைக்கே கூலி. ஒருவருக்கென்றே தம் நேரத்தை ஒப்படைத்தவர் மற்றொரு வகை. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் ஹனஃபிச் சட்டத் தொகுப்பு, இந்த இரண்டாம் வகையினர் வேலைக்கு ஆயத்தமாய் வந்து நின்றாலே கூலிக்கு உரியவர் என்கிறது. வேலை இல்லாது போனது அவர் குற்றமன்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. தாங்கவியலாத இடர் நேர்ந்தால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ள ஹனஃபி மத்ஹபு இடமளிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு அத்துணை எளிதில் இடமளிப்பதில்லை.

நம் வணிகர் ஹனஃபி. ஊரடங்கை இடர் என்று காட்டி அவர் ஒப்பந்தத்தை முறித்திருக்கலாம். அரசாங்கமும் அன்று இவ்விரு கரைகளுக்கும் இடையேதான் தடுமாறியது. ஊரடங்குக் காலத்துக்கும் குறைக்காமல் கூலி கொடுங்கள் என்று 2020 மார்ச் 29இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை இல்லாமற்போயிற்று. ஜூன் 12இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. ஆகவே சட்டப்படி வணிகர் தப்பித்துக்கொள்ள வழியுண்டு. ஆனால் ஒன்றை அவர் மறந்தார். இடரைக் காட்டி அன்று ஒப்பந்தத்தை முறித்தவர் அவரானால், எட்டு மாதங்கழித்துத் தொடங்கியது புதிய ஒப்பந்தம். முறிக்கவில்லையென்றால் அந்த எட்டு மாதக் கூலி அவர் மீது கடன். கூலி கொடாதிருக்க முதலாவதையும், நன்றி கேட்கப் பத்தொன்பது ஆண்டையும் ஒருசேர எடுத்துக்கொள்ள முடியாது. கூலி இருக்க வேண்டிய இடத்தில் ஜகாத்தை வைக்கவும் முடியாது. அது ஏழையின் உரிமை, எசமானின் சலுகையன்று.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை அறியாத முஸ்லிம் வீடு தமிழகத்தில் இல்லை. மேடைதோறும் அதை முழங்குகிறோம். நமக்கு இங்கே வேண்டியது வேறொரு வரலாறு.

எகிப்திலிருந்து தப்பியோடிய மூஸா நபி (அலை) மத்யன் நகரின் நீர்நிலையில் இரு பெண்களின் ஆடுகளுக்குக் கூலி கேளாமல் நீர் இறைத்துத் தருகிறார்கள். அப்பெண்களுள் ஒருவர் தம் தந்தையிடம் அவரை வேலைக்கு அமர்த்தும்படி சொல்கிறார். வலிமையும் நாணயமும் ஒருங்கே உடையவர் என்பது அவர் காட்டும் காரணம். திருமறையின் கஸஸ் அத்தியாயம் இதைச் சொல்கிறது. அத்தந்தை ஷுஐப் நபி (அலை) என்பர் பலர். அல்லர் என்பாரும் உளர். திருமறை பெயர் கூறவில்லை. அம்முதியவர் வைத்த ஒப்பந்தத்தைக் கவனிக்க வேண்டும். எட்டாண்டு கட்டாயம். பத்தாக்கினால் அது மூஸாவின் விருப்பம். அதைச் சொன்ன வாயாலேயே, தாம் அவருக்குத் தொல்லை தர விரும்பவில்லை என்றும், தம்மை நல்லவராகவே அவர் காண்பார் என்றும் உறுதி கூறுகிறார். மூஸாவும், இரண்டு தவணையில் எதை முடித்தாலும் தம்மீது பழி கூடாது என்பதைத் தெளிவாக்கி, இறைவனைச் சாட்சியாக்குகிறார்கள்.

விலைமதிப்பற்ற ஊழியர் என்று அறிந்தே அமர்த்தியவர், அந்த இரண்டாண்டைக் கட்டாயமாக்கவில்லை. மூஸா நபி நீண்ட தவணையையே நிறைவேற்றியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நிறைவேற்றிய பின் என்ன நடந்தது? குடும்பத்தோடு புறப்பட்டுப் போனார்கள். அம்முதியவர் வழிமறித்ததாகவோ, உப்பைத் தின்றதைச் சொல்லிக் காட்டியதாகவோ திருமறையில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவு நல்ல வீட்டிலிருந்தும் அவ்வளவு நல்ல ஊழியர் நீங்கினார். நீங்குவதே துரோகம் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நின்றவர் ஒருவரும் உண்டு. சிறு வயதில் கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அம்மையாரின் வழியாக அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தவர் ஸைத் (ரலி). அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் மீட்புப் பணத்தோடு மக்காவுக்கு வந்தனர். நபித்துவம் அருளப்பெறும் முன் நடந்தது இது. பணம் வேண்டாம், அவரையே கேளுங்கள், உங்களோடு வர விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள் என்பதே அண்ணலாரின் பதிலாயிருந்தது. ஸைத் பெற்ற தந்தையை விட்டு அண்ணலாரிடமே நின்றார். இதைச் சொல்லும்போது நம் பேச்சாளர்கள் ஸைத் நின்றதையே வியப்பார்கள். நாமோ அதற்கு முன் நிகழ்ந்ததை வியக்கிறோம். கதவு முதலில் திறக்கப்பட்டது; விலையும் வாங்கப்படவில்லை. அவ்வாறு திறவாதிருந்தால் ஸைத் அங்கே இருந்ததற்குப் பெயர் அன்பன்று, சிறை.

கதவைச் சாத்தி ஆளை வைத்திருக்கும் கலையில் நாம் தேர்ந்தவர்கள். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டுவது ஒன்று. தமிழகத்து நூற்பாலைகள் சிலவற்றில் இளம்பெண்களின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்றாண்டு முடிந்தால்தான் திருமணத்துக்கென்று மொத்தமாகத் தருவோம் என்ற ‘சுமங்கலித் திட்டம்’ மற்றொன்று. இடையில் நோயுற்று நின்ற பெண்கள் அத்தொகையை இழந்தனர். ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் பள்ளி, கல்லூரி நிருவாகங்கள் இன்னொரு வகை. அடகு என்றால் அதற்கு ஈடாக ஒரு கடன் இருக்க வேண்டும். கடனே இல்லாத இடத்தில் பிடித்துவைத்த பொருளுக்கு ஃபிக்ஹில் வேறு பெயர்.

வளைகுடாவில் உழைத்தோர் இல்லாத முஸ்லிம் தெரு நம்மிடையே அரிது. கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்ட கஃபீலைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை கண்ணீர்க் கதைகள்! கஃபீல் என்ற அரபுச் சொல்லுக்குப் பொருள், ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர் என்பது. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா நபி (அலை) வளர்த்ததைத் திருமறை இவ்வேர்ச்சொல்லாலேயே குறிக்கிறது. காப்பவரைக் குறித்த சொல் பூட்டுபவரைக் குறிப்பதாயிற்று. கத்தார் 2020இலும் சவூதி அரேபியா 2021 மார்ச்சிலும் தொழிலாளர் வேலை மாறுவதற்கான தடைகளைப் பெரிதும் தளர்த்தின. அங்கே தளர்ந்ததை இங்கே நம் பள்ளிக்கூட அலமாரிகளில் இறுக்கிக்கொண்டிருக்கிறோம். துபாயில் கஃபீலை ஏசிவிட்டு வந்தவரே ஊரில் நிருவாகி ஆனதும் ஆசிரியையின் சான்றிதழைக் கேட்டு வாங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

பள்ளிவாசல்களையும் விட்டுவிட முடியாது. 2020இல் தொழுகையிடங்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டபோது, உண்டியலில் காசு விழவில்லை என்று சொல்லி இமாம்களின் சம்பளத்தைக் குறைத்த ஜமாஅத்துகள் பல. நாம் ஓதிக்கொடுத்த மதரஸா ஒன்றும் அப்போது நமக்கு ஐந்து மாதம் ஒன்றும் தரவில்லை. கேட்பதற்கு நமக்கு வெட்கமாயிருந்தது, கொடாததற்கு அவர்களுக்கு இல்லை. நம்மோடு ஓதிக்கொடுத்த இளம் ஆலிம் ஒருவர் அந்நாளில் கைப்பேசி பழுது நீக்கக் கற்றுக்கொண்டார். எல்லாம் சீரான பின் நிருவாகத்தார் அவரை அழைத்து, தீனுக்கு உழைப்பவர் பணத்தைப் பார்க்கலாமா என்றனர். அவர் மரியாதையாக ஸலாம் கூறி எழுந்துவிட்டார். அவருடைய அரபு இலக்கணப் பாடத்தை எடுக்க இன்றளவும் தக்கவர் கிடைக்கவில்லை.

இவையனைத்தையும் வணிகரிடம் ஒரே மூச்சில் நாம் கூறவில்லை. கூறினால் எழுந்து போயிருப்பார். மூஸா நபியின் தவணையை மட்டும் சொன்னோம். “அப்படியானால் பாவமில்லை என்கிறீர்களா?” என்றார். “அவர் கைவேலையை அரைகுறையாக விட்டுச் செல்கிறாரா? உங்கள் வாடிக்கையாளரைக் கலைத்துக்கொண்டு போகிறாரா?” என்று கேட்டோம். இல்லை, எடுத்த ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் முன்னறிவித்தே போகிறார். “அப்படியானால் அவர் பக்கம் பாவம் ஏதும் நமக்குத் தெரியவில்லை” என்றோம். கூலியை ஏற்றித் தந்தால் நிற்பாரா என்று அவர் கேட்டார். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் நிறுத்துவதற்காக ஏற்றுவது வேறு, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது வேறு என்று சொல்லி, பணிக்கொடை பற்றிக் கேட்டோம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடமாதலால், அன்று நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவரையும் கட்டியது. ஓராண்டுக்குப் பதினைந்து நாள் கூலி. மாதத்தை இருபத்தாறு நாளாகக் கொள்வது. ஆம்பூர்க்காரரின் சம்பளம் 18,000. பத்தொன்பது ஆண்டுக்கு 1,97,000 ரூபாய்க்குச் சற்று மேலே வந்தது. பள்ளிவாசல் அறிவிப்புத் தாளின் பின்புறத்தில் அவரே இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார்.

இரண்டு தவணையாகக் கொடுத்தார். அதோடு மூடிக் கிடந்த மாதங்களுக்கென்று ஒரு தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை. ஆம்பூர்க்காரர் பெற்றுக்கொண்டு, கண் கலங்கி, சொன்ன நாளில் போய்விட்டார். நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் பின் வணிகர் நம்மைத் தழுவியபோது ஒரு குறையைக் காதோடு சொன்னார்: பட்டறையிலுள்ள மற்றப் பதினொருவரும் தத்தம் கணக்கைக் கேட்கத் தொடங்கிவிட்டனராம்.