மிட்டாய் தின்றால் பாவமா?



பிரியமானவர்களே, தலைப்பைப் பார்த்துவிட்டு, "என்ன இது, உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதவேண்டிய பாஸ்டர் மிட்டாயைப் பற்றி எழுதுறாரே" என்று சிரிக்கவேண்டாம். ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தின் விஷயத்தில் நான் ஆண்டவருக்கும் ஒரு சகோதரிக்கும் கணக்குக் கொடுக்கவேண்டியவனாய் இருந்தேன். நான் அதை மறந்துபோனேன். கொண்டுவந்த சகோதரி மறக்கவில்லை.

2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் தானே புயல் அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடலூர் பக்கத்து ஜனங்கள் அதை எப்படி மறப்பார்கள்? பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குடிகாட்டில் எங்கள் தெருவில் கூரை பறந்த வீடுகளே அதிகம். நாங்கள் கூடி ஜெபித்த கொட்டகையும் போயிற்று. நான் அப்போது வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா முடித்து வந்து மூன்று வருஷம்தான். சிப்காட்டில் ஷிப்ட் வேலை, மிச்ச நேரத்தில் ஊழியம். வைராக்கியம் நிறைய, அனுபவம் கொஞ்சம்.

அடுத்த ஈஸ்டர் 2012 ஏப்ரல் 8-ம் தேதி வந்தது. அதற்கு முன்னே நாற்பது நாள் உபவாச ஜெபம் வைத்திருந்தோம். விடியற்காலை நாலரை மணி ஆராதனை முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும்போது, துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிற ஒரு விதவைச் சகோதரி, துணிப்பையை அவிழ்த்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் பிரசங்கச் சூட்டோடு இருந்தேன். "சிஸ்டர், ஈஸ்டர் முட்டை, ஈஸ்டர் மிட்டாய் எல்லாம் உலகத்தார் வழக்கம். ஜனங்க வீடு வாசல் இல்லாம அழுதுகிட்டு இருக்காங்க. இது மிட்டாய் திங்கிற நேரமா?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் வாங்கிய பையனுக்கு ஐந்து வயது இருக்கும். அவன் என் முகத்தைப் பார்த்து, வாயிலிருந்த மிட்டாயை எடுத்து, அதே காகிதத்தில் திரும்பச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அதைப் பார்த்து, பிள்ளை கீழ்ப்படிகிறானே என்று சந்தோஷப்பட்டேன்!

பன்னிரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. 2024 பிப்ரவரியில், துணிக்குப் போடுகிற ரோடமைன்-பி சாயத்தைக் கலக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, முதலில் புதுச்சேரியிலும் பிறகு நம் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்கக்கூடாதென்று தடை போட்டார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சகோதரர் எழுந்து, "பாஸ்டர் அன்னைக்கே மிட்டாய் வேண்டாம்னு சொன்னாரு, தீர்க்கதரிசனம் மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பின்வரிசையில் அந்தச் சகோதரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சிலே குத்திற்று. நான் சாயத்தைப் பற்றியா அன்றைக்குப் பேசினேன்? கிடைக்கிற பெருமையை வாங்கி வைத்துக்கொள்ள மாம்சத்துக்கு எவ்வளவு ஆசை பாருங்கள்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "அம்மா, அன்னைக்கு எதுக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாஸ்டரய்யா, புயலுக்கப்புறம் மூணு மாசம் நம்ம புள்ளைங்க அரிசிக்கு வரிசை, போர்வைக்கு வரிசை, தண்ணிக்கு வரிசைன்னு நின்னுச்சுங்க. வரிசையில நிக்காம, பேரு எழுதாம, ஒண்ணு கையில குடுக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

என்ன பதில் சொல்வேன்? வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

நான் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நாள் பார்க்கிறதைக் குறித்து கலாத்தியருக்குப் பவுல் எச்சரித்திருக்கிறார். முட்டைக்கும் வெறுமையான கல்லறைக்கும் வேதத்தில் சம்பந்தம் கிடையாது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் லெந்து நாட்களில் முட்டை சாப்பிடக்கூடாதென்று சபைச் சட்டம் இருந்தது. கோழி சட்டத்தைக் கேட்குமா? அது இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்துபோன முட்டையை ஈஸ்டரன்று அவித்து, சாயம் பூசிச் சாப்பிட்டார்கள். சாக்லேட் முட்டை அதற்கு வெகு காலம் பிந்தி வந்தது. இங்கிலாந்தில் ஃபிரை கம்பெனி 1873-லும் கேட்பரி கம்பெனி 1875-லும் செய்தார்கள். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், அந்த இரண்டு குடும்பங்களும் குவேக்கர் விசுவாசிகள். எல்லா நாளும் கர்த்தருடைய நாளே என்று, ஈஸ்டரைக்கூடத் தனியாக ஆசரிக்காத கூட்டத்தார்! சாராயத்துக்குப் பதிலாக ஜனங்கள் கோக்கோ குடிக்கட்டும் என்று பாரப்பட்ட குவேக்கர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களை உலகத்தார் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா?

நம்முடைய பெந்தெகொஸ்தே முன்னோர்கள் நகையைக் கழற்றினார்கள், சினிமாவை விட்டார்கள், வெற்றிலை பாக்கை விட்டார்கள். அவர்களுடைய தியாகத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் விட்டவர்கள் ஆண்டவரைப் பெற்ற சந்தோஷத்தில் விட்டார்கள். நானோ என்னிடம் இல்லாத சந்தோஷத்தை அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கினேன். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் பரிசுத்தம் போலத்தான் தெரியும்.

லூக்கா 24-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் சீஷர்கள் ஆவியைக் காண்கிறோம் என்று பயந்தபோது, ஆண்டவர் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொரித்த மீனும் தேன்கூட்டில் ஒரு துண்டும் கொடுத்தார்கள். வாங்கி, அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். (தேன்கூடு எல்லாக் கையெழுத்துப் பிரதிகளிலும் இல்லை, புதிய மொழிபெயர்ப்புகள் அதை விட்டுவிடுகின்றன. நம் கையிலிருக்கிற பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது.) மரணத்தை ஜெயித்தவருக்குப் பசி தீரவேண்டிய அவசியம் உண்டா? மாம்சமும் எலும்பும் உள்ளவராய் எழுந்தார் என்று காட்டவே சாப்பிட்டார். அப்படியானால் நாக்கும் ருசியும் அவர் மீட்டுக்கொண்ட சரீரத்தில் சேர்ந்ததுதானே? யோவான் 21-லும் பாருங்கள், கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டு, ராமுழுதும் வலை போட்டுக் களைத்தவர்களைச் சாப்பிட வரச்சொல்லுகிறார். துறைமுகத்துப் பக்கம் இருக்கிற நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நான் அன்றைக்கு "அழுகிற நேரம்" என்று சொன்னேன் அல்லவா? நெகேமியா 8-ம் அதிகாரத்தில் ஜனங்களும் அழுதார்கள். எரிந்து இடிந்த பட்டணத்தில் நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுதார்கள். அவர்களைப் பார்த்து, போய்க் கொழுமையானதைச் சாப்பிட்டு, இனிப்பானதைக் குடித்து, ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது. இந்த வேதபகுதியில் நான் எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். மீன்கூடை சுமக்கிற அம்மா பிரசங்கிக்காமல் அதைச் செய்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். குடியை விட்டு வந்து மறுபடி வழுக்கின ஒருவர் என்னிடமே கேட்டார்: "ஐயா, நாள் முழுக்க லோடு ஏத்திட்டு வந்து ஒரு குவார்ட்டர் போடுறேன். அதுவும் ஒரு சின்ன சந்தோஷம்தானே?" லேசான கேள்வி அல்ல. அவருடைய உடம்புவலியை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுக்கிறவர் யார்? அவர் மனைவி முந்திரி உடைத்துக் கறை பிடித்த விரல்கள் கொடுக்கின்றன. ராத்திரி தூங்காத பிள்ளைகள் கொடுக்கிறார்கள். பஞ்சு மிட்டாயும் அப்படியே. கலர் போட்டவன் காசு வாங்கிக்கொண்டான், ஆபத்தைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தான். அந்தச் சகோதரியோ தன் மீன்காசில் விலையைத் தானே கொடுத்துவிட்டு, இனிப்பை மட்டும் பிள்ளைகள் கையில் வைக்க வந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். அவர்கள் கணவர் உயிரோடிருந்த நாளில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போவாராம். கூலி வாங்கின சனிக்கிழமை, அங்கேயே பாரி கம்பெனி செய்த மிட்டாயில் நாலு வாங்கி வருவாராம். 2004-ல் அந்த மிட்டாய்க் கம்பெனியைக் கொரியாக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். "காகிதத்துல பேரு மாறிடுச்சு, ருசி அதேதான்" என்று சிரித்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே விட்டாச்சு, டீ குடிங்க" என்றார்கள். மிட்டாய் வாங்கப் பணம் நீட்டினேன். வாங்கவில்லை.

2024 மார்ச் 31-ம் தேதி ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் அதே மாதிரி ஒரு துணிப்பை. பிள்ளைகள் ஓடினார்கள். அன்றைக்கு ஐந்து வயதாயிருந்தவன் இப்போது கீபோர்டு வாசிக்கிறான், மீசை முளைத்துவிட்டது. அவனும் கை நீட்டினான். கடைசியில் என்னிடம் வந்தார்கள். வாங்கி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டேன்.

"பையில போடாதீங்க பாஸ்டரய்யா, வாயில போடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் காகிதத்தைப் பிரிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்கள்.