தெரிந்தவள் செய்யட்டும்

ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருந்தபோது என் கீழ் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நான் அநீதி செய்தேன். அப்போது அது அநீதியாகத் தெரியவில்லை. நல்ல நிர்வாகம் என்றே நினைத்தேன். யாருக்கு எது நன்றாக வருகிறதோ அதை அவரிடம் கொடுத்தால் வேலையும் நடக்கும், ஆளும் மனநிறைவோடு இருப்பார் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தந்திருந்தார்கள்.

டெல்டாப் பக்கம் ஒரு சிறு நகரம். கிளையில் பதினோரு பேர். மாதத்தின் முதல் வாரம் ஓய்வூதியக்காரர்களின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். காது கேளாதவர்கள், கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவர்கள், மகன் பணத்தை எடுத்துவிட்டதைப் பாஸ்புக்கில் பார்த்துக் கவுண்டரிலேயே அழுதவர்கள். இவர்களையெல்லாம் சமாளிக்க எங்களிடம் ஒருவர்தான் இருந்தார். அந்த எழுத்தர் குரலை உயர்த்தவே மாட்டார். கவுண்டரை விட்டு வெளியே வருவார், முகத்துக்கு நேராக நின்று உதடு தெரியும்படி மெதுவாகப் பேசுவார், பாஸ்புக்கில் வரி வரியாக விரலை வைத்துக் காட்டுவார். நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வரும் கூட்டத்தை அவர் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. பெரியவர்கள் அவரைப் 'பாப்பா' என்பார்கள். எனக்கு முன் இருந்த மேலாளரும் அவரை அந்தக் கவுண்டரிலேயேதான் வைத்திருந்தார். நானும் மாற்றவில்லை.

அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கடன் பிரிவில் உட்கார்ந்தார்கள். வந்த புதிதில் அவர்களுக்கு அந்த வேலை சுத்தமாகத் தெரியாது. பயிர்க்கடன் பத்திரத்தில் தப்பான இடத்தில் கையெழுத்து வாங்கி, விவசாயியைத் திரும்ப வரவழைத்துத் திட்டு வாங்கினார்கள். நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது ஆண்டு அதிகாரி பதவிக்கான தேர்வு வந்தது. மூவரும் எழுத்துத் தேர்வில் தேறினார்கள். நேர்காணலில் அந்தப் பெண்ணிடம் குறுந்தொழில் கடன் பற்றியும் நடைமுறை மூலதனம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து, "கேட்டாங்க மேடம், எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. அன்று மாலையும் ஐந்து மணிவரை கவுண்டரில் இருந்தார். இளைஞர்களில் ஒருவர் அதிகாரி ஆனார்.

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் தெரிந்துவினையாடல் அதிகாரம் தவறாமல் வரும். எந்த வேலையை எதைக் கொண்டு யார் முடிப்பார் என்று ஆராய்ந்து அவரிடம் விட்டுவிடச் சொல்லும் குறளைத் திரையில் போடாத பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை. வேலை எப்படி முடியும் என்பது அந்தக் குறளின் கவலை. முடித்தவர் என்ன ஆனார் என்ற கேள்வி அதில் வராது. வள்ளுவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை, அவர் அரசனுக்குச் சொன்னார். பயிற்சியாளரிடம் கேட்கலாம்.

அப்படி ஒரு வகுப்பில் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு காகிதத்தை ஒட்டி, அவருடைய பலத்தைச் சக ஊழியர்களை எழுதச் சொன்னார்கள். பெண்களின் முதுகில் பொறுமை, சிரித்த முகம், அனுசரிப்பு, ஒழுங்கு. ஆண்களின் முதுகில் துணிவு, வேகம், கணக்கில் கூர்மை. யாரும் பொய் எழுதவில்லை. அந்தப் பெண்கள் பொறுமைசாலிகள்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பொய்யான புகழ்ச்சியை எளிதாக மறுத்துவிடலாம். உண்மையான புகழ்ச்சி கொண்டுவந்து தரும் வேலையை மறுக்க நமக்கு வாய் வருவதில்லை.

1981ஆம் ஆண்டு டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இருவர் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் மூன்றாம் உலகப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை பெண்ணியப் பொருளியலில் அடிப்படையான ஒன்று. பெண்களுக்கு இயல்பிலேயே நளினமான, வேகமான விரல்கள் இருப்பதால்தான் துணி தைக்கவும் மின்னணுப் பாகங்களைப் பொருத்தவும் அவர்களை எடுக்கிறோம் என்று முதலாளிகள் சொன்னார்கள். அந்த விரல்கள் இயற்கை தந்தவை அல்ல என்பது எல்சன், பியர்சன் இருவரின் வாதம். சிறு வயதிலிருந்து தாயிடமும் வீட்டிலிருந்த மற்றப் பெண்களிடமும் ஊசி பிடித்துப் பழகிய விரல்கள் அவை. பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் அது பயிற்சியாகவே கணக்கில் வரவில்லை. ஆகவே அந்த வேலைக்குத் 'திறன் தேவையில்லாத வேலை' என்று பெயர், அதற்கேற்ற கூலி. நம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியும் இதே நியாயத்தைத்தான் சொல்லிவந்தார்கள்.

என் கிளையிலிருந்த பெண்ணின் அப்பாவுக்கு நடுவயதிலேயே காது போய்விட்டது. உதடு தெரியும்படி பேசுவதை அவர் எட்டு வயதில் கற்றிருக்கிறார். பிறகு படுக்கையில் கிடந்த மாமியாரைப் பல வருடம் பார்த்துக்கொண்டார். இந்தப் பயிற்சிக்கெல்லாம் சான்றிதழ் கிடையாது. நாங்கள் அதைச் 'சுபாவம்' என்றோம். இளைஞர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதற்கோ 'அனுபவம்' என்று பெயர். ஆண்களிடம் இல்லாத திறனை உட்காரவைத்து வளர்க்கிறோம். பெண்களிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்கிறோம். வளர்த்த திறன் பதவி உயர்வுக்கு உதவுகிறது. எடுத்துக்கொண்டதற்குப் பாராட்டு கிடைக்கிறது.

இதை வேறு கோணத்திலிருந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு பெண் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்தி 2017இல் வெளியிட்டது. மூன்று பேரை ஒரு குழுவாக்கி இரண்டு நிமிட நேரம் தந்தார்கள். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தினால் அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 2 டாலர். யாரும் அழுத்தாவிட்டால் மூவருக்கும் ஒரே ஒரு டாலர். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகமாக அழுத்தினார்கள். இதை மட்டும் வைத்து, பெண்களுக்கு விட்டுக்கொடுக்கும் குணம் அதிகம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்கள் அழுத்தினார்கள், பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் பெண்கள் அழுத்திய அதே அளவுக்கு. ஒரு பெண் அறையில் இருந்தால் அவள் செய்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவள் உட்பட. யாரிடமாவது கேட்கும் பொறுப்பை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தபோதும் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். கேட்டவர் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். கடைசி வாக்கியத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாத ஒன்றல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மூத்த அக்கா கழுவும் தொட்டியருகே என்னை நிறுத்தி, "டைப் அடிக்கத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றார். நான் தட்டச்சில் ஹையர் முடித்தவள். பல வருடம் சொல்லவில்லை. கடிதங்களை இன்னொரு பெண் அடித்தாள், நான் கடன் பிரிவுக்குப் போனேன். மேலாளர் ஆனதற்கு என் உழைப்பு காரணம் என்பது உண்மை. அந்த மௌனமும் ஒரு காரணம். எத்தனையோ அலுவலகங்களில் பெண்கள் தமக்குக் கோலம் போட வராது, கையெழுத்து நன்றாக இராது, பிறந்தநாள் கேக் வாங்கும் கடை தெரியாது என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். ஆண்களுக்கு இந்தத் தந்திரம் தேவைப்படுவதில்லை. அவர்களுடைய 'தெரியாது' சொல்லாமலேயே ஏற்கப்படுகிறது. நம்முடைய 'தெரியாது' நாம் பழகி ஒளித்துவைக்க வேண்டிய ஒன்று. அதிலும் ஒரு திறன் வீணாகிறது. அந்தத் தட்டச்சு என் விரல்களில் இன்று இல்லை.

அப்படியானால் வரிசையில் நின்ற முதியவர்களை என்ன செய்வது? எனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது, 'என் பதவி உயர்வுக்கு உதவாது' என்று நான் விலகிக்கொள்ளலாமா? விலகலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காது கேளாத கிழவருக்குப் பொறுமையாகப் பேச ஓர் ஆள் வேண்டும், அது அவருடைய உரிமை. ஆனால் அந்தக் கடமை கிளையில் இருந்த பதினோரு பேருடையது. ஒருத்திக்கு நன்றாக வருகிறது என்பதற்காக மற்ற பத்துப் பேரின் கடன் தீர்ந்துவிடாது. அந்தப் பெண் விடுப்பில் போன நாள்களில் கவுண்டரில் கூச்சலாக இருக்கும். நாங்கள் அதை அவருடைய அருமைக்குச் சான்றாகப் பேசிக்கொள்வோம். அது எங்கள் குழுவின் பலவீனம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதற்கு எனக்கு வழி காட்டியது நிர்வாக நூல் அல்ல, அம்பேத்கரின் சாதி ஒழிப்பு. 1936இல் வெளிவந்தது. சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அவர் சொன்ன பதில் பலருக்கும் தெரியும்: அது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரிப்பது. அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தப் பிரிவினையில் தனிமனிதரின் விருப்பத்துக்கு இடமே இல்லை என்றும், தன் தொழிலைத் தானே தேர்ந்துகொள்ளும் அளவுக்கு ஒருவரின் ஆற்றலை வளர்ப்பதே சமூகத்துக்குத் தேவை என்றும் அவர் வாதிட்டார். அலுவலகக் கவுண்டரைச் சாதிக் கொடுமையோடு சமமாக வைக்கவில்லை. அப்படி வைப்பது அவமதிப்பு. ஆனால் ஒருவரின் திறமையைக் காட்டியே அவரை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி அவரிடமிருந்துதான் எனக்குக் கிடைத்தது. 'உனக்கு எது வரும்' என்று நான் எல்லோரையும் கேட்டிருந்தேன். 'உனக்கு எது வேண்டும்' என்று அந்தப் பெண்ணைக் கேட்டதே இல்லை.

மாற்றலுக்கு ஆறு மாதம் இருந்தபோது கேட்டேன். அவர் உடனே, "எனக்கு இங்கேயே பழகிடுச்சு மேடம்" என்றார். கடன் பிரிவுக்குக் கூப்பிட்டதும் மகிழ்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பழகியதைப் பிடித்தது என்று சொல்கிறாரா, நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. அதை நான் தீர்மானிப்பதும் இன்னொரு அதிகாரம்தான். இரண்டு நாள் கழித்து அவரே அறைக்கு வந்தார். முதல் வாரம் கவுண்டர், மீதி நாள் கடன் பிரிவு. முதல் வாரத்தில் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைக்க வேண்டும், அவன் கற்றுக்கொள்ளட்டும். சொல்லிக்கொடுப்பது என் வேலை என்று மதிப்பீட்டு அறிக்கையில் எழுதித் தருவீர்களா என்று கேட்டார்.

எழுதினேன். அதற்கான கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை, 'பிற' என்ற இடத்தில் எழுத வேண்டியிருந்தது. முதல் மாதம் பெரியவர்கள் "பாப்பா எங்கே?" என்று சத்தம் போட்டார்கள், ஒருவர் மேலிடத்துக்கு மனு எழுதினார். மூன்றாவது மாதம், அந்தப் பையன் கவுண்டரை விட்டு வெளியே வந்து, ஒரு பாட்டியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, பாஸ்புக்கில் விரலை வைத்து, உதடு தெரியும்படி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடன் பிரிவு மேசையிலிருந்து அவரும் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மெதுவா பேசணும்" என்று சொல்லிவிட்டுப் பத்திரத்தைப் புரட்டினார்.