அடுத்தவர் வீட்டு டி.வி.

"வீடு ஒழுகுது, உள்ளே போய்ப் பாரு, நாற்பத்து மூணு இஞ்ச் டி.வி. நிக்குது." "சம்பளம் பதினஞ்சாயிரம், கையில செல்லு இருபத்தஞ்சாயிரம்." டீக்கடை பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. சொல்பவர் பெரும்பாலும் கெட்டவர் அல்லர். சிக்கனமாக இருந்து மேலே வந்தவராகவே இருப்பார். கணக்குப் பேசுவது போலத் தோன்றினாலும் அவர் சொல்வது ஓர் ஒழுக்கத் தீர்ப்பு. எது முதலில், எது அப்புறம் என்று இந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. ஆகவே அதன் வறுமைக்கு அதுவே பொறுப்பு. ஒருவர் வாங்கிய மின்சாதனத்தை வைத்து அவரை எடைபோட மற்றவருக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எதுவரை?

இந்தத் தீர்ப்புக்கு உலக அளவிலேயே ஒரு சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் 54.5 கோடி செல்போன் இணைப்புகள் இருக்கின்றன, முறையான கழிப்பறை வசதி 36.6 கோடிப் பேருக்குத்தான் என்று 2010 ஏப்ரலில் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. சுகாதாரத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி எழுதப்பட்ட அறிக்கை அது. பத்திரிகைத் தலைப்பாக மாறியதும் ஏழைகளைப் பற்றிய கிண்டலாகிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கு இன்னும் கூர்மையான எண்களைத் தந்தது: நூற்றுக்கு 87 வீடுகளில் டி.வி., 48 வீடுகளில் கழிப்பறை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒரே கடையில் கிடைப்பவையா? செல்போனை ஒரு தனி ஆள் ஒரு மாலையில் வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். கழிப்பறைக்கு நாலடி சொந்த நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிவு போக வழி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது. தரையைத் தோண்டி உறை இறக்குவது எங்கே? பாதாளச் சாக்கடையை எந்தக் குடும்பமும் தவணையில் வாங்க முடியாது. கூட்டாகச் செய்ய வேண்டியது நடக்காமல் போய், தனியாகச் செய்ய முடிந்தது மட்டும் நடந்திருக்கிறது. அந்த எண்கள் காட்டுவது இதைத்தான். அதில் வாங்கியவரின் குற்றம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள திருச்சியின் கைலாசபுரத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் இங்கே தொடங்கியது. ஊரார் 'பெல்' என்று சொல்லும் அந்த ஆலையோடு ஒரு குடியிருப்பு நகரும் வந்தது. திட்டமிட்டுப் போட்ட தெருக்கள், குழாய்த் தண்ணீர், சாக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, நிழலுக்கு மரங்கள். குவார்ட்டர்ஸ் சாவியைக் கையில் வாங்கிய தொழிலாளிக்குக் கழிப்பறை வீட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது. அதன் பிறகு அவர் டேப் ரிக்கார்டர் வாங்கினார், டி.வி. வாங்கினார், போனஸ் வந்ததும் ஃபிரிட்ஜ் வாங்கினார். இதையெல்லாம் எதனோடும் ஒப்பிட்டு அவரை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. ஒப்பிடுவதற்கான பொருட்களை நிறுவனம் முன்கூட்டியே கொடுத்து முடித்திருந்தது. அதே கொதிகலன் வேலையின் ஒரு துண்டைத் துவாக்குடிப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவரும், ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குப் போகிறவரும் குடியிருப்புக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவதும் அதே டி.வி.யாக இருக்கலாம், அதே தவணையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் வாங்கும்போது மட்டும் கூரை, பிள்ளை படிப்பு, கழிப்பறை, குடி என்று எல்லாவற்றையும் சேர்த்து நிறுக்கிறோம். குவார்ட்டர்ஸில் இரண்டாவது டி.வி. வந்தால் அது வசதி. வெளியே முதல் டி.வி. வந்தால் அது பொறுப்பின்மை. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு அளவுகோல் வைப்பதை அறம் என்று சொல்ல முடியாது.

இந்த இரட்டை அளவுகோல் அரசியலில் வெளிப்பட்டதற்குத் தமிழ்நாடே பெரிய சாட்சி. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சியை அறிவித்தது. ஆட்சிக்கு வந்து 14 அங்குலப் பெட்டிகளைக் கொடுத்தது. 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. மாணவர்களுக்கு மடிக்கணினி என்றது. அந்தத் தேர்தலில் ஜெயலலிதா நின்று வென்றது காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில். (மின்விசிறி வந்து சேர்ந்த 2012இல் மாவட்டங்களில் மின்வெட்டு பகலையும் இரவையும் தின்றுகொண்டிருந்தது. கொதிகலன் செய்யும் ஊரிலும் விசிறியைத் துடைத்து வைத்துவிட்டு ஓலைவிசிறியை எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள்.) இந்தத் திட்டங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் தீர்ப்பளித்தார்கள். தேர்தல் அறிக்கையில் பொருள் தருவதாகச் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றார்கள். ஆனாலும் அது நேர்மையான தேர்தலின் அடித்தளத்தை அசைக்கிறது என்றும் சொல்லி, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றார்கள். அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. வாழ்க்கைத் தரம் என்பதன் உள்ளடக்கம் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்தது இன்று தேவையாகியிருக்கிறது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இடம் அது.

ஆடம்பரம் தேவையாக மாறுவது எப்படி என்பதை மாவரைக்கும் வேலையை வைத்தே பார்க்கலாம். ஆட்டுக்கல் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, வலது கையால் குழவியைச் சுற்றி, இடது கையால் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கையும் ஒரு தாளத்தில் போகாவிட்டால் விரல் நசுங்கும். அரிசிக்கு ஒரு தடவை, உளுந்துக்கு ஒரு தடவை. முடித்துக் கல்லைக் கழுவி நிமிர்ந்தால் இடுப்பு பேசும். இதை வாரத்துக்கு இரண்டு தடவை செய்தவர்கள் யாரும் கிரைண்டரை ஆடம்பரம் என்று சொன்னதில்லை. சொன்னவர்கள் இட்லி சாப்பிட்டவர்கள். டி.வி.க்கு இவ்வளவு நேரான நியாயம் கிடையாதுதான். ஆனாலும் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் கேபிள் டி.வி. நுழைந்த கிராமங்களைப் பார்த்து, மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்ததையும் ஆண் பிள்ளை மோகம் தணிந்ததையும் பதிவு செய்தது. ஒரே ஆய்வு எதையும் முடிவாக நிரூபித்துவிடாது. சீரியல்களின் தரத்துக்கும் அது சான்றிதழ் ஆகாது. 2020இல் பள்ளிகள் மூடியபோது நடந்ததோ எல்லோரும் பார்த்தது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு பாடம் நடத்தியது கல்வித் தொலைக்காட்சி வழியாக. சிரிப்புக்கு ஆளான பெட்டி அன்றைக்குக் கரும்பலகை ஆனது.

ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில் ஒரு லினன் சட்டையைப் பற்றிப் பேசுகிறார். உயிர்வாழ அது தேவையில்லை. கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலே சுகமாக இருந்தார்கள். ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித்தொழிலாளி அந்தச் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்க வெட்கப்படுவார். ஆகவே அது தேவைதான் என்றார். இன்றைய லினன் சட்டை செல்போன். அதுவும் வெட்கத்தோடு நிற்காமல் கட்டாயமாகவே வந்துவிட்ட சட்டை. வங்கிக் கணக்கு ஓ.டி.பி. கேட்கிறது. பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவே செயலியில் படத்தோடு ஏற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. அந்தப் படத்தை எடுக்க வேண்டிய பணித்தளப் பொறுப்பாளரும் அதே கிராமத்து ஏழைப் பெண்தான். ஒரு பக்கம் கருவி இல்லாமல் நுழைய முடியாதபடி எல்லா வாசலையும் மாற்றிவிட்டு, இன்னொரு பக்கம் உனக்கெதற்குக் கருவி என்று கேட்பது முரண்.

வரி கட்டுகிறவரின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கழிப்பறை இல்லாத மாநிலத்தில் அரசு டி.வி. கொடுத்தது சரியா என்கிறார் அவர். கேள்வி முழுக்க நியாயமானது. டி.வி.யை லாரியில் ஏற்றி, டோக்கன் கொடுத்து, மேடை போட்டு ஒரு நாளில் வழங்கிவிடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். கழிவுநீர்க் குழாய்க்கு அந்த வசதி இல்லை. எளிதானதை முதலில் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு இரண்டு கட்சி ஆட்சிகளின் மீதும் நிற்கும். முடியாத வேலையும் அல்ல அது. திருச்சியிலேயே கல்மந்தை போன்ற குடிசைப் பகுதிகளில் கிராமாலயா தொண்டு நிறுவனம் சமுதாயக் கழிப்பறைகளைக் கொண்டுவந்து, அவற்றை நடத்தும் பொறுப்பைப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தது. அதன் நிறுவனர் தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இடமும் தண்ணீரும் குழாயும் வந்த இடத்தில் மக்கள் அதை எடுத்து நடத்தியும் காட்டினார்கள். ஆனால் இந்த வாதம் எவ்வளவு வலுவானாலும் அது அரசின் மீதான வாதம். டி.வி.யா, கழிப்பறையா என்று எந்தக் குடும்பத் தலைவியிடமும் யாரும் படிவம் நீட்டவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டவரை, தேர்ந்தெடுத்தவர் போலக் குற்றம் சாட்டுவது முகவரி மாறிய கடிதம்.

கடன் வாங்கிச் செல்போன் வாங்குவதைப் பற்றி என்ன சொல்வது? இங்கே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. பந்தாவுக்காக வாங்குகிறவர்கள் உண்டு, தவணை கட்ட முடியாமல் அதற்கொரு கடன் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. பிறகும் திருச்சியில் சிங்காரத்தோப்பு முதல் திருவெறும்பூர் வரை கடை வாசல் பலகைகளில் அந்தச் சொல் போகவில்லை. படித்த வங்கிக்காரர் எழுதியதைப் படித்த கடைக்காரர் மாட்டுகிறார். ஏமாந்தவர் மட்டும் ஒழுக்கம் இல்லாதவர் ஆகிறார். பந்தா என்பதும் ஏழைக்கே உரியதா என்ன? புது மாடல் வந்த மாதமே நல்ல போனை மாற்றுகிறவர் அதை 'அப்கிரேடு' என்கிறார். அந்தப் பழைய போன்தான் கைமாறிக் கைமாறி, திரையில் விரிசலோடும், ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறும் சார்ஜர் பின்னோடும், மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டோடும், நாலாவது ஆளிடம் இன்னும் மூன்று வருடம் உழைக்கிறது. குப்பைக் கணக்கு எடுத்தால் இந்த நாலாவது ஆள்தான் நாட்டுக்கு உபகாரி.

அப்படியானால் வாங்குவதில் தவறே கிடையாதா என்றால், உண்டு. வேறொருவருக்கு உரியதை எடுத்து வாங்கும்போது அது தவறு. மனைவியைக் கேட்காமல் அவள் நகையை அடகு வைத்து வாங்கிய ஹோம் தியேட்டர் தவறு. வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தை இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு வாங்கிய ஐபோனும் தவறு. இந்த அளவுகோல் குவார்ட்டர்ஸுக்கும் குடிசைக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். ஆனால் அதைப் பயன்படுத்த அந்த வீட்டின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்; அது அக்காவுக்கோ மாமனுக்கோ தெரியும், பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. எதிர் சீட்டுக்காரருக்குத் தெரிவதெல்லாம் ஒரு கையும் அதில் ஒரு போனும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும், அந்த வீட்டில் கழிப்பறை ஏன் இல்லை என்ற கவலை ஒருவருக்கு உண்மையாகவே இருக்குமானால், அதற்கு வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.