தகப்பன் கையால் ஒரு மர லாரி

(ஆகமன கால முதல் ஞாயிறு: குடும்பங்களுக்கு ஓர் பிரசங்கம்)



இன்று ஆகமன காலம் துவக்குகிறது. இன்னும் நாலு ஞாயிறு கடந்தால் பாலன் பிறந்த திருநாள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பலகாரம், விளையாட்டுச் சாமான் என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடத் துவக்கியிருப்பீர்கள். இந்த வருஷம் உங்களிடத்தில் ஒன்று கேட்கிறேன். தகப்பன்மாரே, உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் விளையாட்டுச் சாமானைக் கடையில் வாங்காதேயுங்கள். உங்கள் கையாலேயே செய்து கொடுங்கள். நாலு சக்கரம் வைத்த ஒரு மர லாரி போதும்.

பிரசங்கத்தில் லாரியைப் பற்றிப் பேசுகிறாரே சுவாமியார் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நாசரேத்தூர் திருக்குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நமது ஆண்டவர் போதித்தபோது அவருடைய ஊரார் என்ன சொல்லி இடறல்பட்டார்கள்? தச்சனுடைய பிள்ளைதானே என்று அலட்சியமாய்ப் பேசினார்கள் (அர்ச். மத்தேயு 13 : 55). அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்திலோ ஆண்டவரையே தச்சன் என்று சொல்லுகிறார்கள் (6 : 3). பலஸ்தீன் நாட்டில் பிறந்த, இரண்டாம் நூற்றாண்டு வேதசாட்சியான அர்ச். யுஸ்தீனுஸ், நம் ஆண்டவர் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். உலகத்தைச் சிருஷ்டித்தவர் உழவனுக்குக் கலப்பை செய்து கொடுத்தார்! அந்தத் தொழிலை அவர் யாரிடத்தில் கற்றார்? அர்ச். சூசையப்பரிடத்தில் அல்லவா?

அர்ச். சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் இல்லை. அவர் உபதேசம் அவருடைய கையிலே இருந்தது. பட்டறையில் பக்கத்தில் நிறுத்தி, மரத்தைப் பிடிக்கவும் உளியைப் பிடிக்கவும் கற்றுக்கொடுத்ததே அவர் செய்த போதனை. பாலனுக்கு அவர் விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்தாரா என்று வேதாகமத்தில் எழுதியிருக்கவில்லை. ஆகையால் நானும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் விளையாடுவது சர்வேசுரனுக்குப் பிரியமான காரியம் என்பது எழுதியிருக்கிறது. எருசலேமை மீண்டும் நிலைநிறுத்தும் காலத்தில் அதன் தெருக்களெல்லாம் விளையாடும் ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் நிறைந்திருக்கும் என்று சக்கரியாஸ் தீர்க்கதரிசியின் வாயினால் ஆண்டவர் வாக்களித்தார் (8 : 5). சமாதானத்துக்கு அடையாளமாக அவர் காட்டியது விளையாடும் பிள்ளைகளை.

நமது தமிழ் நாட்டாரும் இதை அறியாதவர்கள் அல்ல. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்று பெயர். குழந்தை சின்னத் தேரை உருட்டி விளையாடும் வயது அது. ஊர்த் தச்சர் செய்து கொடுத்த மூன்று சக்கர நடைவண்டியைப் பிடித்து நடை பழகியவர்கள் இந்தக் கோவிலில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பனங்காயில் குச்சியைக் குத்திப் பனங்காய் வண்டி ஓட்டாத கிழவர் நமது மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் உண்டோ? லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை நடந்த காலத்தில் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளைப் பார்த்து, செங்கல்லையே வண்டியென்று இழுத்து விளையாடியவர்களும் நீங்கள்தான்.

இப்பொழுது நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். வீடு மந்திரிக்கப் போன இடத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பேச்சுக் கொடுப்பதற்காக, "உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். "தெரியாது சாமி" என்றான். தகப்பன் பக்கத்திலேயே நின்றார். தலை கவிழ்ந்துகொண்டார். தொழிற்சாலையில் முறை வேலை. முறை முடிந்ததும் நேரே சாராயக்கடை. வீடு சேரும்போது பையன் தூங்கிப்போவான். சம்பளம் வீட்டுக்கு வந்தது, தகப்பன் வரவில்லை.

சில மாதம் கழித்து அவ்வீட்டுக்கு மறுபடி போனேன். பையன் ஓடி வந்து ஒரு மர லாரியைக் காட்டினான். பக்கத்து வீட்டுத் தச்சர் கொடுத்த துண்டுப் பலகையில் செய்தது. ஒரு சக்கரம் சரியாய் வட்டமாயில்லை. இழுத்தால் டக், டக் என்று நொண்டும். "சாமி, இது எங்கப்பா செஞ்சது" என்றான். அந்த 'எங்கப்பா' என்ற சொல்லில் இருந்த பெருமையை எப்படி உங்களுக்குச் சொல்லுவேன்! தாயானவள் சொன்னாள்: "லாரி முடியிற வரைக்கும் பன்னிரண்டு நாள் பொழுதோடு வீட்டுக்கு வந்துட்டாரு சாமி."

அம்மனிதர் குடியை அடியோடு விட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. பின்னும் விழுந்தார், எழுந்தார், விழுந்தார். ஆனால் ஒரு நாள் அந்த நொண்டிச் சக்கரம் கழன்றுபோக, பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்தது முதல் வாசலில் காத்திருந்தானாம். வாசலில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்று அறிந்த தகப்பனுக்குச் சாராயக்கடைக்குப் போகும் வழி கொஞ்சம் கடினமாகிறது. பிரியமானவர்களே, நான் செய்த எத்தனையோ பிரசங்கத்தைக் காட்டிலும் அந்த மரச்சக்கரம் நன்றாய்ப் பிரசங்கித்தது.

ஆகையால் இந்த நாலு வாரத்துக்கும் நாலு வேலை சொல்லுகிறேன். வேலையோடு ஒவ்வொரு ஞான முயற்சியும் செய்யுங்கள்.

முதல் வாரம், மரம் தேடுங்கள். தச்சுப் பட்டறையில் கேட்டால் வேம்பு, மா, தேக்குத் துண்டு கொடுப்பார்கள். பத்து அங்குல நீளமும் நாலு அங்குல அகலமும் உள்ள ஒரு பலகை அடிக்கட்டைக்குப் போதும். மரம் நன்றாய்க் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் கிளையை வட்டம் வட்டமாய் அறுத்துச் சக்கரம் செய்தால் பார்வைக்கு அழகாயிருக்கும். காய்ந்ததும் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்துப்போகும். பழைய பெயிண்ட் அடித்த கதவுப் பலகையும் ஆகாது. அதைத் தேய்க்கும்போது கிளம்பும் தூளில் ஈயம் இருக்கலாம். கண்ட மரத்தையெல்லாம் எடுக்காமல் தட்டிப் பார்த்து எடுக்கிறோமே, அப்படியே இந்த வாரம் ஒவ்வொருவரும் ஆத்தும சோதனை செய்யுங்கள். நான் வீட்டுக்கு என்ன கொண்டு வருகிறேன்? எதைக் கொண்டு வராமல் வெளியிலே சிந்திவிடுகிறேன்?

இரண்டாம் வாரம், அறுத்துப் பொருத்துங்கள். அறுக்கிற வேலை தகப்பனுடையது. ஆனால் பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். கோல் பிடிக்கட்டும், பென்சிலால் கோடு போடட்டும், ஆணியை எண்ணிக் கொடுக்கட்டும். அவன் கோணலாய்க் கோடு போடுவான், ஆணியைக் கொட்டிவிடுவான். அப்பொழுது வாயைக் காக்க வேண்டும். பிள்ளை கெடுத்த பலகைக்குப் பதில் வேறு பலகை கிடைக்கும். ஆத்திரத்தில் சொன்ன சொல்லுக்குப் பதில் கிடையாது. இந்த வாரம் வீட்டில் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்பதே உங்கள் ஒறுத்தல். பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். லாரி ஆண்பிள்ளைக்கு மாத்திரம் என்று யார் சொன்னது?

மூன்றாம் வாரம், சக்கரமும் அச்சும். கவராயத்தால் இரண்டு அங்குல வட்டம் நாலு வரைந்து, ஓரத்தைச் சிறுகச் சிறுக அறுத்து, அரத்தால் ராவுங்கள். மூங்கில் குச்சியைச் சீவி அச்சாக்கலாம். அச்சு சக்கரத்தில் வச்சிரம் போட்டு இறுக வேண்டும். அடிக்கட்டையின் துளையிலோ தாராளமாய்ச் சுழல வேண்டும். துளை அதிகம் இறுகினால் வண்டி ஓடாது. அதிகம் தளர்ந்தால் ஆடும். பிள்ளை வளர்ப்பதும் அப்படித்தான். சக்கரத்தின் துளை மயிரிழை விலகினாலும் வண்டி நொண்டும் என்பதையும் கவனியுங்கள். குடும்பத்துக்கு நடு எது? சேசுநாதர். இந்த வாரம் முதல் இரவில் கைப்பேசியை அணைத்து வைத்துக் குடும்ப செபமாலை சொல்லுங்கள். முறை வேலைக்காரர் இல்லாத நாளிலும் மற்றவர்கள் அவருக்காகச் சொல்லட்டும்.

நாலாம் வாரம், இழைப்பும் வண்ணமும். உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகிற போக்கில் தேயுங்கள். சிலாம்பு ஏறுகிறதா என்று உங்கள் கையாலேயே தடவிப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை சாமானை வாயில் வைக்கும். கழன்று தொண்டையில் சிக்கக்கூடிய சின்னத் துண்டு எதுவும் இருக்கலாகாது. வண்ணம் வேண்டாமென்றால் தேன்மெழுகு தேய்த்தால் போதும். பெயிண்ட் வாங்கினால் ஈயம் சேராததாய்க் கேட்டு வாங்குங்கள். ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்று இந்திய அரசாங்கம் 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. கடையில் விற்கும் விளையாட்டுச் சாமானுக்கும் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மீன் கேட்ட பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்று ஆண்டவர் கேட்டாரே (அர்ச். லூக்காஸ் 11 : 11), பளபளப்பைப் பார்த்து விஷ வண்ணத்தை வாங்கிப் பூசுகிறவன் அறியாமல் அதைத்தான் செய்கிறான். சிலாம்பைத் தேய்க்கும் இந்த வாரத்தில், திருநாளுக்கு முன்னே நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து ஆத்துமத்தையும் சுத்தமாக்கிக்கொள்ளுங்கள்.

கைவேலையைக் கேவலமாய் எண்ண வேண்டாம். கர்நாடகத்தில் பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவிலுள்ள சன்னபட்டணத்தார், நம் காட்டிலும் வளரும் வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்கில் வண்ணம் குழைத்து, தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். அவர்களுடைய பொம்மையை உலகம் அறியும். அவ்வளவு தூரம் ஏன்? நம் கொம்யூனிலேயே திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைக்கும், அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. செய்யத் தெரியாதவர்கள் இப்படிப்பட்ட தொழிலாளிகளிடம் பேரம் பேசாமல் வாங்கினாலும் நல்லதே. 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1955-ல் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தியது, கையால் உழைக்கிறவனுடைய மேன்மையை உலகம் அறியும்படிக்கே.

"எனக்கு நேரமில்லை, சுவாமி" என்பீர்கள். நேரமில்லாத வீட்டில்தான் இது அவசியம். தினம் அரை மணி போதும். "எனக்குத் தொழில் தெரியாது" என்பீர்கள். நொண்டி லாரியைப் பையன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைச் சொன்னேனே! "தகப்பன் இல்லாத வீட்டில் என்ன செய்வது?" என்று ஒரு தாய் மனதுக்குள் கேட்கலாம். அர்ச். சூசையப்பர் மாம்சத்தின்படி சேசுநாதருக்குத் தகப்பனா? வளர்த்த தகப்பன் அல்லவா? பிள்ளையைப் பெற்றதனால் மாத்திரம் ஒருவன் தகப்பன் ஆகிறதில்லை, அதைப் பொறுப்பாய்ப் பராமரிப்பதனாலேயே ஆகிறான் என்னும் கருத்தைப் பிரான்சிஸ் பாப்பரசரும் 2020 டிசம்பர் 8-ந் தேதி சூசையப்பரைப் பற்றி எழுதிய நிருபத்தில் விளக்கினார். ஞானத்தகப்பன்மாரே, ஞானஸ்நானத் தொட்டியில் அந்தப் பிள்ளையை ஏந்தினீர்களே, அதன் தகப்பன் போய்விட்ட பின் அவ்வீட்டுப் படி ஏறினீர்களா? இந்த லாரியைச் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். மாமன், தாத்தா, யார் செய்தாலும் சூசையப்பர் செய்த வேலையைச் செய்கிறீர்கள்.

இன்னொன்று. கூடியவர்கள் ஒரு லாரி அதிகம் செய்யுங்கள். திருநாள் இரவில் மாட்டுக்கொட்டிலுக்கு முன் வையுங்கள். எந்த வேதத்துப் பிள்ளையானாலும், நம் ஊரில் வாங்கிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு மறுநாள் கொடுப்போம்.

கிறிஸ்தவர்களே, பாலனாய்ப் பிறந்த ஆண்டவர் நாசரேத்தூர்ப் பட்டறையில் மரத்தைத் தூக்கப் பழகினார். கடைசியாக அவர் தூக்கிய மரம் சிலுவை. உங்கள் பிள்ளையும் ஒருநாள் தன் சிலுவையைத் தூக்க வேண்டும். அப்பொழுது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். இன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்று ஒரு துண்டு மரத்தைப் பிடித்த அந்தக் கை அன்றைக்குத் தளராதிருக்கும். அந்த அனுக்கிரகத்தைச் சேசு மரி சூசை நமது குடும்பங்கள் எல்லாவற்றிற்கும் தந்தருளுவார்களாக. பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே. ஆமென்.