ஒருவர்கூட விடுபடாமல்
(கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி மறையுரை)



இன்றிரவு நாம் கேட்ட நற்செய்தி வானதூதரின் பாட்டோடு தொடங்கவில்லை. ஓர் அரசாணையோடு தொடங்குகிறது. பேரரசர் அகுஸ்து சீசர் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கச் சொன்னார். அதற்காகத்தான் யோசேப்பு நிறைமாதமாய் இருந்த மரியாவை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனார். அது ஏழைகளின் நன்மைக்காக எடுத்த கணக்கல்ல. உரோமைக்கு வேண்டியது வரி. ஆனாலும், கூட்டத்தில் ஒரு தலையாக எண்ணப்படும் மனிதரோடு மனிதராய்ப் பிறக்க நம் ஆண்டவர் வெட்கப்படவில்லை.

நம் நாட்டிலும் கணக்கெடுப்பு வருகிறது. வீட்டைப் பற்றிய கேள்விகளோடு முதற்கட்டம். ஆட்களை எண்ணும் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில். மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவில் இந்நாட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதே இறுதிக் கணக்கு. கடைசியாக எண்ணியது 2011-இல். 2021-இல் நடந்திருக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போனது. 2012-இல் பிறந்த பிள்ளை இன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் அவள் இன்னும் பிறக்கவே இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்குத் தானியம் என்பதை இன்றுவரை 2011-ஆம் ஆண்டின் கணக்கை வைத்தே முடிவுசெய்கிறார்கள்.

ஆட்களை எண்ணுவது பாவமில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. தாவீது அரசர் மக்களை எண்ணினார், நாட்டில் கொள்ளைநோய் வந்தது என்று சாமுவேல் இரண்டாம் நூல் சொல்கிறதே என்பார்கள். தாவீது எதை எண்ணினார் என்று பாருங்கள். வாள் ஏந்தக்கூடிய ஆண்களை எண்ணினார். என் படை எவ்வளவு பெரியது என்று மார்தட்டிக்கொள்ள எண்ணினார். குற்றம் அந்தப் பெருமையில் இருந்தது. விடுதலைப் பயண நூல் 30-ஆம் அதிகாரத்தில் கடவுளே ஒரு கணக்கெடுப்புக்கு வழி சொல்கிறார். எண்ணப்படும் ஒவ்வொருவரும் அரை செக்கேல் காணிக்கை தர வேண்டும். செல்வர் கூடுதலாகத் தரவும் கூடாது, ஏழை குறைவாகத் தரவும் கூடாது. கடவுளின் ஏட்டில் பணக்காரருக்கு இரண்டு கோடு கிடையாது. ஏழைக்கு அரைக் கோடும் கிடையாது. ஆளுக்கு ஒன்று.

ஆகவே நாம் எப்படி எண்ணப்பட விரும்புகிறோம்? கிறிஸ்தவர்கள் இத்தனை இலட்சம் என்று சொல்லிக்கொள்வதற்காக என்றால், அது தாவீதின் வழி. அந்த வழிக்கு நான் உங்களை அழைக்கவில்லை. யாரும் விடுபடக் கூடாது என்பதற்காக என்றால், அது நல்லாயனின் வழி. 2011-இல் கணக்கெடுப்பு முடிந்த பிறகு, அது எவ்வளவு சரியாக நடந்தது என்று அரசே மறு ஆய்வு செய்தது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23 பேர் விடுபட்டிருந்தார்கள். நூறு ஆட்டுக்கு இரண்டுக்கும் மேலே. ஒன்று காணாமல் போனதற்கே தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுத் தேடப் போனவரைத்தான் நாம் ஆயன் என்று அழைக்கிறோம்.

எண்ணப்படாமல் போவதன் வலி இந்தக் குமரிக் கரைக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே சச்சரவு. அரசு சொன்ன எண் ஒன்று; கரையோரப் பங்குகள் வீடு வீடாகப் பெயர் கேட்டு எழுதிய பட்டியல் வேறு. மகனைக் கடலில் இழந்த தாய், தனக்கு அப்படியொரு மகன் இருந்தான் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. இருக்கும்போது ஒருவரைக் கணக்கில் கொள்ளாத ஊர், அவர் இல்லாமல் போகும்போது மட்டும் எப்படிக் கணக்கில் கொள்ளும்?

உங்கள் மனத்தில் இருக்கும் பயங்களையும் பேசிவிடுவோம். சொல்வதையெல்லாம் வேறு எதற்காவது பயன்படுத்துவார்களோ? 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, நீங்கள் தனிப்பட்ட முறையில் தரும் விவரங்களைப் பிறர் பார்ப்பதற்குத் தடை விதிக்கிறது. நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகவும் அவற்றைக் கொண்டுவர முடியாது. கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாத பாட்டிமார் இருந்தால், சொல்லும்படி அவர்களை வற்புறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார். உட்கார நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணோ ஏ.டி.எம். அட்டை எண்ணோ கேட்டால் மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்; கணக்கெடுப்புக்கு அவை தேவையில்லை.

இந்த முறை எல்லாரிடமும் சாதியும் கேட்கப்படும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முழுச் சாதி விவரம் கடைசியாக வெளியானது 1931-இல். தலித் கிறிஸ்தவ சகோதரர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று எனக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதியினருக்கான உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. அந்த அநீதி சுமத்திய பாரத்தைத் தூக்குகிறவர்களுக்கு நான் பீடத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நம் நிலையை நாமே மறைத்துவிட்டு, அதற்கு நீதி கேட்பது கடினம். சாதிச் சான்றிதழ் வேறு, இந்தக் கணக்கு வேறு. உள்ளதை உள்ளபடி சொல்லத் துணிவு தாரும் என்று ஆண்டவரிடம் கேட்போம்.

உண்மை என்றால் கூட்டிச் சொல்வதும் கூடாது. வளைகுடாவிலேயே வேலையில் இருக்கும் மகனை வீட்டில் இருப்பதாக எழுதச் சொல்லாதீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையை விடுதியிலேயே எண்ணுவார்கள். ஆழ்கடலுக்குப் போனவர் கணக்கெடுப்பு முடிவதற்குள் கரை திரும்புவார் என்றால், அதை மறக்காமல் சொல்லுங்கள். பிறந்து பத்தே நாளான குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை என்றாலும், ஒரு முழு ஆள். உள்ளறையில் படுத்திருக்கும் தாத்தாவும், ஊருக்குக் காட்டத் தயங்கி வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி மகளும் அப்படியே. அவர்களை விட்டுவிட்டால் அது கணக்கெடுப்பாளரின் தவறு அல்ல, நம்முடையது.

இனி, நம் வாசலுக்கு வெளியே. விசைப்படகிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒடிசா, ஜார்கண்ட், அசாம் இளைஞர்கள் ஒரே அறையில் எட்டுப் பேர் பத்துப் பேராகத் தங்கியிருக்கிறார்கள். பகலில் போனால் பூட்டுதான் தொங்கும். விடுதியில் இடம் கிடைக்காத யோசேப்பு இன்று அந்த அறையில்தான் இருக்கிறார். அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கணக்கெடுப்பாளரிடம் சொல்ல அடுத்த வீட்டுக்காரராகிய நம்மால் முடியும். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் உறங்குகிறவர்களை 2011-இல் பிப்ரவரி 28 இரவில் தனியாக எண்ணினார்கள். அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று ஊர்க்காரருக்குத் தெரிவதுபோல் அதிகாரிக்குத் தெரியாது.

எனவே பங்கின் அக்கம்பக்கத்துக் குழுக்களாகிய அன்பியங்களின் பிப்ரவரி மாதக் கூட்டங்களில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் அன்பிய எல்லையில் எந்த மதத்தவர் வீடானாலும், யார் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் இன்னும் வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். படிவம் புரியாத முதியோருக்கு இளைஞர் இயக்கத்தினர் துணையிருங்கள். விடுபட்ட வீட்டின் விவரத்தைக் கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு அன்றே தெரிவியுங்கள். பாலன் இயேசுவுக்கு இந்த ஆண்டு நாம் தரும் காணிக்கை அதுவாக இருக்கட்டும்.

நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் தந்தை, ஒருவரையும் ஒதுக்கிவிடாத உள்ளத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.