மழைத்துடைப்பானும் மனிதர் கடமையும்

சிக்கனம் நற்குணம் என்பதில் ஐயமில்லை. உழைத்துப் பொருளீட்டும் மக்களுக்கு அது நற்குணம் மட்டுமன்று, உயிர்த்துணையுமாகும். ஆயினும், ஒருவர் மிச்சப்படுத்தும் காசுக்கு வேறொருவர் தம் உடலால் விலை கொடுக்க நேருமாயின், அதனைச் சிக்கனம் என்று அழைப்பது தகுமா? இக்கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இதற்கு விடை காணப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லோரி ஒன்றன் முன்கண்ணாடியைப் பார்த்தாலே போதும். வைப்பர் என்று லோரிக்காரர்கள் வழங்கும் மழைத்துடைப்பானில், விரல் அகலங்கூட இல்லாத ரப்பர்ப் பட்டையில், இக்கேள்வி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

இத்தனை அற்பமான விஷயத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். அற்பம் என்பதை விலையைக் கொண்டு அளப்பதா, விளைவைக் கொண்டு அளப்பதா என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்போம். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லோரி, ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. நிமிஷத்திற்கு 45 முறை போய்த் திரும்பும் வைப்பர், ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் அந்த லோரி 22 மீட்டர் கடந்துவிடும். வைப்பர் செவ்வையாகத் துடைத்தால் அந்த 22 மீட்டரும் டிரைவர் பார்த்து ஓட்டிய தூரம். அது நீரைக் கோடு கோடாக இழுத்துவிட்டுப் போனாலோ, அத்தனையும் ஊகித்து ஓட்டிய தூரம். அந்த ஊகத்திற்குள் பள்ளிவிட்டு வரும் பிள்ளை இருக்கலாம். சைக்கிளில் வரும் முதியவர் இருக்கலாம். மழைக்கோட்டுடன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளி இருக்கலாம். லோரியின் எடையில் அவர்களுக்குப் பங்கில்லை. அதன் வாடகை லாபத்திலும் பங்கில்லை. அதன் தேய்ந்த ரப்பரில் மட்டும் அவர்களுக்குப் பங்கு கொடுத்துவிடுகிறோம்.

இக்கருவி தோன்றிய வரலாறும் நாம் கூறவந்த பொருளுக்குச் சான்றாகும். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, வண்டிக்குள் இருந்தபடியே ஒரு பிடியை அசைத்து வெளிக்கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவியை அன்று விலைகொடுத்து வாங்குவார் இல்லை. 1917-ஆம் ஆண்டில் பபலோ நகரத்தவரான ஜான் ஓய்ஷை என்பவர், மழை பெய்த இரவொன்றில் தாம் ஓட்டிச் சென்ற மோட்டாரால் சைக்கிள்காரர் ஒருவரை மோதிவிட்டார். மழையின்மீது பழியைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யாது, மழைத்துடைப்பான் செய்து விற்கும் தொழிலையே தொடங்கினார். வியாபாரத்தில் அவர் பெற்ற லாபம் ஒருபுறம் இருக்க, அவர் செயலில் ஓர் உண்மை உண்டு. காணாமற்போனது ஒருவேளை குற்றமாகாது. காண்பதற்கு வழியிருந்தும் அவ்வழியைத் தேடாதிருப்பது குற்றமே.

நம்மவரில் பலர் இவ்விடத்தில்தான் வழுக்கி விழுகின்றனர். விபத்து நேர்ந்தவுடன் ‘விதி’ என்கிறோம், ‘பேய்மழை’ என்கிறோம். நம் நாட்டில் மழை எதிர்பாராத விருந்தாளியா? ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவமழை கொட்டுகிறது. மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அன்றாட வழக்கம். தைப்பிங் நகரம் மழைக்கென்றே பெயர்பெற்றது. வருவது உறுதி என்று தெரிந்த ஒன்றுக்கு ஆயத்தம் செய்யாமல் இருந்துவிட்டு, வந்தபின் அதனை விதியென்பது அறிவுடைமையாகாது. லோரியின் முன்புறத்தில் எலுமிச்சம்பழம் கட்டுவதைப்பற்றி வாதிட நாம் இங்கு வரவில்லை. கட்டுகிறவர் கட்டட்டும்; கட்டிய கையோடு, இரண்டடி மேலேயுள்ள வைப்பரின் ரப்பரையும் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும் என்றே கேட்கிறோம்.

ஆனால், கடைக்குச் சென்று விலை உயர்ந்ததொரு வைப்பரை வாங்கி மாட்டிவிட்டால் கடமை தீர்ந்ததா? தீராது. காசு கொடுப்பது எளிது. கவனம் கொடுப்பதே அரிது. வயதான லோரிக்கு நன்றாகத் துடைக்கும் வைப்பரைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வேறுபாடு தெளிவாக விளங்கும்.

முதலாவது, குற்றம் வைப்பரிடம் உள்ளதா என்று காண வேண்டும். டீசல் புகையும், சாலையெண்ணெயும், செம்மண் தூசியும் சேர்ந்து கண்ணாடிமேல் கண்ணுக்குப் புலப்படாத படலமாய்ப் படிந்திருக்கும். அதன்மேல் எந்த ரப்பர் ஓடினாலும் மூடுபனி போன்ற மங்கலே மிஞ்சும். சவர்க்கார நீரால் கண்ணாடியை அழுத்தித் தேய்த்துக் கழுவி, ரப்பரின் ஓரத்தையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பது முதல் வேலை. அதனாலேயே குறை நீங்கினால், மிஞ்சிய காசு நேர்மையான மிச்சம், அதுதான் சிக்கனம்.

அவ்வாறு நீங்காவிடில் குறையின் அடையாளங்களைக் காண வேண்டும். மெல்லிய கோடுகள் விழுமாயின் ரப்பரின் ஓரம் கிழிந்தோ வெடித்தோ இருக்கும். வைப்பர் தடதடவென்று துள்ளுமாயின் ரப்பர் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து இறுகியிருக்கும். அல்லது அதைத் தாங்கும் இரும்புக்கை முறுகியிருக்கும். ரப்பரின் விளிம்பு, போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் சாய்ந்து, எப்போதும் பின்னால் இழுபட்டுச் செல்லவேண்டும். கை முறுகினால் அது ஒரு திசையில் புரள மறுத்துத் துள்ளுகிறது. கண்ணாடியின் நடுவே அகலமான பட்டையாக நீர் நிற்குமாயின், சட்டம் வளைந்திருக்கும், அல்லது கையிலுள்ள சுருள்வில் தளர்ந்திருக்கும். பத்து இருபது வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த வில் தளர்வது இயல்பு. தளர்ந்த கையில் புதிய வைப்பரை மாட்டுவது, வலுவிழந்த மனிதனிடம் புதுக் கோடரியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கையை மாற்றாமல் ரப்பரை மட்டும் மாற்றியவர், ‘வாங்கியும் பயனில்லை’ என்று கடைக்காரரைத் திட்டுகிறார்.

இனி வைப்பரின் வகையைப் பார்ப்போம். பழைய லோரிகள் பலவற்றின் கண்ணாடி ஏறக்குறையத் தட்டையானது. அவற்றுக்குப் பல மூட்டுகளுள்ள இரும்புச் சட்ட வைப்பர் பொருந்தும். ஒவ்வொரு மூட்டும் ரப்பரைத் தனித்தனியே அழுத்திப் பிடிக்கும். வில்போல வளைந்து, சட்டமின்றி அழகாய் வரும் புதுவகை, வளைந்த கண்ணாடிகளைக் கருதிச் செய்யப்பட்டது. வலுக்குன்றிய பழைய கையினால் அவ்வில்லை முழுவதும் நிமிர்த்தித் தட்டைக் கண்ணாடியில் அழுத்த இயலாது. நுனிகள் மட்டும் அழுந்தி நடு எழும்பி நிற்கும். நாகரிகமானது என்பதற்காக வாங்கியவர் நடுக்கண்ணாடியை, அதாவது தம் கண்ணுக்கு நேரானதையே, இழக்கிறார்.

நீளத்திலும் இதே மயக்கம் உண்டு. நீண்ட வைப்பர் அதிகம் துடைக்கும் என்று எண்ணுவோர் பலர். கையின் அழுத்தம் மாறாதிருக்க, ரப்பர் மட்டும் நீண்டால் ஒவ்வோர் அங்குலத்திற்கும் கிடைக்கும் அழுத்தம் குறைகிறது. வயதான மோட்டாருக்குச் சுமையும் கூடுகிறது. இரண்டு வைப்பர்களும் ஒன்றோடொன்று மோதவும் கூடும். ஆதலால், வண்டிக்கு முதலில் வந்த அளவையே அளந்து வாங்குதல் நன்று. இடமும் வலமும் வேறு அளவாக இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. கையில் மாட்டும் கொக்கி ஆடாமல் அமர்கிறதா என்று கடையிலேயே பார்ப்பதும் அவசியம்.

ரப்பரிலும் வேறுபாடு உண்டு. இயற்கை ரப்பர் மென்மையாய்க் கண்ணாடியைத் தழுவித் துடைக்கும். ஆனால் நம் நாட்டு வெயிலில் விரைவில் இறுகி வெடிக்கும். சிலிக்கோன் என்னும் வகை வெயிலைத் தாங்கி நெடுநாள் உழைக்கும், விலை கூடுதல். ஓரத்தில் காரீயக்கரி பூசிய ரப்பர் உராய்வு குறைந்து வழுவழுவென்று ஓடும். சட்டம் நன்றாக இருந்தால், கிடைக்குமிடத்தில் உள்ரப்பரை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்வது மலிவான நல்வழி. எவ்வகையாயினும், கடையில் பலகாலம் கிடந்த சரக்கை வளைத்துப் பார்த்து, வெடிப்பில்லாததையே வாங்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்றவும் வேண்டும். மாட்டியபின் சோதிக்கும் இடம் டிரைவர் ஆசனம்; சோதிக்கும் நேரம் இரவு. பகலில் தெளிவாய்த் தோன்றும் கண்ணாடி, எதிரே வரும் விளக்கொளியில் கண்ணைக் கூசவைக்கும் படலமாய் மாறுவதை அங்கே அமர்ந்தவரே அறிவார்.

அங்கே அமர்ந்தவரே அறிவார் என்றோம். இப்பிரச்சினையின் கருவும் அதுவே. அறிகிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் வேறொருவர். வைப்பர் துடைக்கவில்லை என்று டிரைவருக்குத் தெரியும். வைப்பர் வாங்கும் பணம் முதலாளியிடம் இருக்கிறது. ‘சொன்னால் முகம் சுளிப்பார், வேலைக்கும் ஆபத்து’ என்று டிரைவர் வாய்மூடி ஓட்டுகிறார். ‘என்னிடம் யாரும் சொல்லவில்லையே’ என்று முதலாளி பின்னால் கூறுகிறார். இருவர் கூற்றும் உண்மையாயிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் போய்விடுகிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தாலோ, பெருமழையில் ஓரமாய் நிறுத்திக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் டிரைவரின் வருமானத்தைத் தின்கிறது. பிறர் உயிரைக் காப்பதற்காக அவர் தம் கூலியை இழக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அவர் ஏன் நிற்கவில்லை என்று கேட்பது எவ்வகை நீதி?

இதில் யார் கடமை பெரிது என்று கேட்பாருக்கு நமது விடை இதுதான். அறிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவர். சொன்னதனால் அவருக்கு எந்த இழப்பும் வராமல் பார்த்துக்கொள்ள, பணமும் அதிகாரமும் உடையவர் கடமைப்பட்டவர். பின்னது முன்னதைவிடப் பெரிது. ஏனெனில், சொல்லும் துணிவை எளிதாக்குவதும் அரிதாக்குவதும் முதலாளியின் கையில் இருக்கிறது. கேட்கப்படும்வரை காத்திராமல், மாதத்திற்கொருமுறை அவரே டிரைவர் ஆசனத்தில் அமர்ந்து, ஒரு வாளி நீரைக் கண்ணாடியில் ஊற்றச் செய்து வைப்பரை ஓட்டிப் பார்க்கட்டும். சொந்த லோரியைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் ஏழைக்கு இவ்விருவர் கடமையும் ஒருங்கே சேர்கிறது; அவருடைய கையிறுக்கத்தை நாம் அறிவோம். அறிந்தே சொல்கிறோம்: தேநீருக்கும் சிகரெட்டுக்கும் ஒருவாரத்தில் செல்லும் வெள்ளிக்குள் அடங்கும் பொருள் இது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். மலேசியாவில் சரக்கு வண்டிகளுக்கு ஆறு மாதத்திற்கொருமுறை பரிசோதனை உண்டு. சிங்கப்பூரில் பத்தாண்டு கடந்த சரக்கு வண்டிகளுக்கும் அவ்வாறே. அது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பரிசோதனை ஆண்டில் இரண்டு நாள். மழையோ மற்ற நாட்களிலும் பெய்கிறது. பரிசோதனை நாளன்று மட்டும் புதிய வைப்பரைக் காட்டித் தப்பித்துக்கொள்பவர் அதிகாரியை ஏமாற்றியதாக நினைக்கலாம். அவர் ஏமாற்றியது, மழையில் சாலையைக் கடக்கும் முன்பின் அறியாத மனிதரையே.

நம் மக்களுக்கு இதில் தனியானதோர் உறவும் உண்டு. பால்மரம் வெட்டியே நம் பாட்டன் பாட்டிமார் இந்நாட்டில் காலூன்றினர். விடியற்காலையில் மழை பெய்தால் அவர்களுக்கு அன்றைய வெட்டு இல்லை. மழை அவர்கள் கூலியைப் பறித்தது. தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளிலும், மழையில் ஒரு டிரைவருக்குப் பார்வை கொடுப்பது எங்கோ ஒரு மரத்தில் யாரோ ஒருவர் கீறி எடுத்த பாலாக இருக்கக்கூடும். ரப்பரின் அருமையை நாம் பிறர் சொல்லியா அறியவேண்டும்?

ஆகவே, அன்பர்களே, சிக்கனத்திற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வோம். நம் வயிற்றில், நம் உடையில், நம் வீட்டு விளக்கில் மிச்சம் பிடிப்பது நம் உரிமை; அதன் துன்பத்தை நாமே தாங்குகிறோம். பிறர் கால்நடையாய்ச் செல்லும் சாலையில் மிச்சம் பிடிக்க நமக்கு உரிமையில்லை. அங்கே துன்பத்தைத் தாங்குபவரிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. லோரி வைத்திருப்போர் இவ்வாரமே ரப்பரைத் தடவிப் பார்க்கட்டும். ஓட்டுவோர் கூச்சமின்றிக் கேட்கட்டும். கேட்பவரைத் தொழிலாளர் சங்கத்தார் தாங்கி நிற்கட்டும். அடுத்த மழை வருவதற்குள் இவ்வளவும் செய்து முடிக்கக்கூடியவையே.